அணையாத லேப்டாப்பும் ஜிஜியின் காதும்

குமுளியில் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் அன்சார். சொந்த ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம். ஊர் கேரளாவில் இருந்தாலும் படித்தது முழுக்கப் பொள்ளாச்சியில். அதனால் எனக்குத் தெரிந்த மலையாளம் வெறும் கடை மலையாளம். "நாளெ வா", "சரியாக்கித் தராம்", "டிஸ்ப்ளே போயி". ரஜீனாவைக் கட்டிக்கொண்டு அவள் ஊருக்கு வந்த இந்த இரண்டு வருடத்தை இந்த மூன்று வாக்கியங்களை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ரஜீனா சொல்வாள். பொய்யில்லை. வருகிறவர்களே நோயையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரேம் போச்சுண்ணா" என்பான் ஒருவன். திறந்து பார்த்தால் சார்ஜர் வயரை எலி கடித்திருக்கும். கண்ணால் பார்த்த பிறகே பேச வேண்டும் என்பது என் தொழில் சட்டம். அந்தச் சட்டத்தோடு நான் கெத்தாக உட்கார்ந்திருந்த ஒரு ஜூலை மாத வியாழக்கிழமை ஜிஜி வந்தாள்.

அம்மா ராசம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். இருபத்தேழு வயது. எட்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பீர்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடு. பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும், அதில் கடைசி வீடு அவர்களுடையது. இதையெல்லாம் ராசம்மாள்தான் சொன்னார். ஜிஜி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து என் மேசையின் விளிம்பைத் தடவி, நடுவில் சரியாக வைத்தாள்.

"அண்ணே, இது ஷட்டவுன் குடுத்தா அணைய மாட்டேங்குது. ராத்திரி அணைச்சு வச்சா காலைல சார்ஜ் பூஜ்யம். பைக்குள்ள வச்சா சூடாகுது."

நான் லேப்டாப்பைப் போட்டு, ஷட்டவுன் கொடுத்தேன். திரை கறுத்தது.

"அணைஞ்சிருச்சுங்களே தங்கச்சி" என்றேன்.

"இல்லண்ணே. ஓடுது."

கீழே ஜீப்காரர்கள் ஆள் பிடிக்கக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கம்பம் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஏலக்காய் சலிக்கிற இயந்திரம் வேறு. இதில் இந்தப் பெண்ணுக்கு என்ன கேட்டுவிட்டது என்று எனக்கு எரிச்சல். திரும்ப மேசையைப் பார்த்தேன். பவர் பட்டனில் சின்னதாக வெள்ளை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. காதை லேப்டாப்பில் ஒட்டிவைத்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒட்டிவைத்தால்தான் கேட்டது.

அசடு வழிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தேன். விண்டோஸில் ஒரு பழக்கம் உண்டு. மறுமுறை சீக்கிரம் எழுந்திருக்கலாம் என்று பாதியைத் திறந்துவைத்துக்கொண்டே படுக்கும். பழைய லேப்டாப்புகளில் இது சில சமயம் அணையாமலே கிடக்கும். அந்த வசதியை நிறுத்தினேன். மறுபடி ஷட்டவுன் கொடுத்தேன். இந்தமுறை வெளிச்சமும் போனது.

ஜிஜி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இப்ப சரி. மூணு சத்தம் வந்துச்சு."

"என்ன மூணு சத்தம்?"

"மொதல்ல கொய்ங்னு ஒண்ணு எறங்கும். அப்புறம் டிக்னு ஒண்ணு. கடைசீல ஃபேன் நிக்கும். எங்க வீட்டுல மொதல் சத்தத்தோட நின்னுபோகும். டிக் வராது."

டிக் என்பது ஹார்ட் டிஸ்க் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கும் ஓசை. பதினொரு வருடமாக லேப்டாப்போடு குடும்பம் நடத்துகிறேன், அந்த வரிசையை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. ஆனாலும் அன்று ஆச்சரியப்படத் தோன்றவில்லை. கண் இல்லாதவர்களுக்குக் காது கூர்மை என்று எல்லாரும் சொல்வதை நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு அதோடு விட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவள் போகும்முன் ஒன்று கேட்டேன். "இந்த மழையில இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, அவ்வளவு அவசரமுங்களா?"

ராசம்மாள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். டிசம்பரில் அவருக்கு எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு. வீட்டில் யாராவது கொழுந்து பறித்தால்தான் லயத்து வீடு தங்கும். ஜிஜியால் அந்தச் சரிவில் கூடையோடு நடக்க முடியாது. ஜிஜி பத்து வருடம் பார்வையற்றோர் விடுதியில் இருந்து படித்துப் பட்டம் வாங்கியவள். ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள், அந்த வேலைக்கு மெஷின் வந்ததும் அனுப்பிவிட்டார்கள். பிறகு வீட்டில் இருந்தபடியே, டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையைப் படித்திருக்கிறாள். கொச்சியில் ஒரு கம்பெனி அதற்குத் தேர்வு வைக்கிறது. வரும் திங்கள் காலை பத்து மணிக்கு ஆடியோ அனுப்புவார்கள். மதியம் இரண்டு மணிக்குள் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான்.

"அடுத்த வருஷம் நாங்க எங்க இருப்போம்னு தெரியாது தம்பி" என்றார் ராசம்மாள்.

மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் லேப்டாப் ஒழுங்காக அணைய வேண்டும், சார்ஜ் அப்படியே நிற்க வேண்டும். பேட்டரி புதிதாக இருந்தாலும் அதற்கு நாலரை மணி நேரம்தான் ஆயுள்.

"பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு மட்டும் அணைச்சிராதீங்க. டிஸ்க் போயிரும்" என்றேன்.

"ரெண்டு தடவ அப்படிச் செஞ்சேன். ரெண்டாவது தடவ பாதி ஃபைல் போச்சு. இனி செய்ய மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. "அண்ணே, நேத்து ராத்திரியும் அணையல. காலைல சார்ஜ் இல்ல."

என் கடையில் கண்முன்னால் அணைந்த லேப்டாப். எனக்குச் சுருக்கென்றது. "இங்க நல்லாத்தானே அணைஞ்சுது? கொண்டாங்க, பாத்தர்லாம்."

"மழ கொட்டுது. அம்மைக்கு லீவு தர மாட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் போன்ல இருந்துகிட்டே செஞ்சு பாக்கலாமாண்ணே?"

சரி என்றேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். நாலு மணிக்கே பாதையில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்துவிட்டதாம். நாளை சாயங்காலத்துக்கு முன் வராது என்று கரண்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். லேப்டாப்பில் தொண்ணூற்றாறு சதவீதம் இருந்தது. அவள் போனிலோ பதினைந்துதான். இன்றிரவு அணையாவிட்டால் நாளைக்குத் தேர்வு இல்லை. அவள் குரல் நடுங்கவில்லை.

என்னென்ன திறக்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். செய்தாள். ஷட்டவுன் கொடுத்தாள்.

"அண்ணே, ஓடுது."

"கேக்குதுன்னு சொல்லாதீங்க தங்கச்சி. கண்ணால பாக்கோணும். பக்கத்துல ஆராச்சும் இருந்தா லைட்டப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

"நான் சொல்றேன்ல..."

"பாத்துச் சொல்லோணும்."

அவள் போனைக் கைமாற்றினாள். பக்கத்து வீட்டு ஏலியாம்மா என்ற மலையாளிப் பெண்மணி வந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்திருப்பார் போல. பிறகு தெளிவாகச் சொன்னார்: "லைட்டு கெட்டிட்டில்ல, கேட்டோ."

கெடவில்லை! எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. "கெடலீங்களா? ரொம்ப சந்தோசமுங்க! அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. நாளைக்கு நல்லா எழுதச் சொல்லுங்க!" என்று வாழ்த்திவிட்டுப் போனை வைத்தேன்.

வீட்டுக்குப் போய் வெற்றிக்கதையை ரஜீனாவிடம் சொன்னேன். ஏலியாம்மா சொன்ன வாக்கியத்தை அவர் மாதிரியே ராகம் போட்டுச் சொல்லிக் காட்டினேன். அரிசிமாவில் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"என்னங்க சொன்னாங்க? கெட்டிட்டில்லன்னா?"

"ஆமா. கெட்டுப்போகலையாம்."

"ஐயோ! மலையாளத்துல வெளக்கு கெட்டுன்னா அணைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கெட்டிட்டில்லன்னா லைட்டு இன்னும் அணையலைங்க! அணையலைன்னு சொன்ன பொம்பளைகிட்டப் போயி சந்தோசம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களே!"

உடனே கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மிச்சமிருந்த சார்ஜை நாளைக்காக அவள் சேமிக்கிறாள் என்பது புரிந்தது, புரிந்ததால் இன்னும் மோசமாக இருந்தது. ஒரு வீட்டையே என் அரைகுறை மலையாளத்தால் இழக்க வைத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ரஜீனா அதற்குமேல் ஒன்றும் திட்டவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போங்க என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். கையில் கடையில் இருந்த யூபிஎஸ், ஒரு தேங்காய் மூட்டை கனம். அதில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன், லேப்டாப்பைக் கால்மணி நேரமாவது தாங்கும் என்ற நப்பாசை. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். வண்டிப்பெரியாறு தாண்டியதும் பனியும் மழையும் ஒன்றாக இறங்கின. விழுந்த மரத்தைப் பாதி அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். இறங்கிச் சேற்றில் நடந்து, நனைந்த கோழி போல அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டரை.

ராசம்மாள் கொழுந்து பறிக்கப் போய்விட்டிருந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே பகலிலும் இருட்டு. ஜிஜி தலை சீவி, சுத்தமான சுரிதார் போட்டு, மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அன்சார் அண்ணனா?" என்றாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. "அன்னைக்குப் படியேறி வந்தப்ப நீங்க எந்திரிச்சு நடந்தீங்கல்ல? இடது கால் செருப்பு கொஞ்சம் இழுக்கும்."

நான் யூபிஎஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்க தங்கச்சி, எனக்கு மலையாளம்..." என்று ஆரம்பித்தேன். அவள் குலுங்கிச் சிரித்தாள்.

"நீங்க சந்தோசம்னு சொல்லி வச்சதும் ஏலியாம்மா சேச்சி கேக்குறாங்க, இயாளுக்கு வட்டாணோன்னு. பைத்தியமான்னு! அப்புறம் யோசிச்சதும் எனக்கு வெளங்கிருச்சு. நீங்க கெட்டுப்போகலன்னு எடுத்துக்கிட்டீங்க. ஆனா திரும்பக் கூப்பிட சார்ஜ் இல்ல."

"லேப்டாப்?"

"தொண்ணூத்திமூணு இருக்கு."

எனக்கு நம்ப முடியவில்லை. எப்படி என்றேன். அவள் மேசையில் கிடந்த, கட்டைவிரல் அளவு ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டை உடைந்துபோனதால், யூஎஸ்பியில் செருகி ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் சவுண்ட் துண்டு அது. ஆன்லைனில் வாங்கியது.

"உங்க கடைக்கு லேப்டாப்ப மட்டும்தான் கொண்டுவந்தேன். இத வீட்டுல வச்சிட்டேன். அங்க அணைஞ்சுது, இங்க அணையலன்னா, அங்க இல்லாதது இங்க எதோ இருக்கணும்ல? போன வச்சதும் உக்காந்து கேட்டேன். ஃபேன் ஓடுது. ஹெட்போன காதுல மாட்டுனேன். ஸ்ஸ்ஸ்னு ரொம்ப மெல்லிசா ஒரு எரைச்சல். ஷட்டவுன் ஆன லேப்டாப்ல ஹெட்போனுக்கு எப்படி எரைச்சல் வரும்? மௌஸ உருவுனேன், ஒண்ணும் ஆகல. இத உருவுனேன். உருவுன உடனே டிக்! ஃபேன் நின்னுருச்சு."

நடந்தது எனக்கு இப்போது தெளிவாகப் புரிந்தது. அந்த மலிவுத் துண்டின் மென்பொருள், எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு லேப்டாப்பை அணைய விடாமல் வைத்திருக்கிறது. என்னிடம் வந்திருந்தால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பேன், மதர்போர்டைச் சந்தேகப்பட்டிருப்பேன். நிச்சயம் இரண்டு நாள் ஆகியிருக்கும். இவள் மழை கூரையில் அடித்துக்கொண்டிருக்க, கரண்ட் இல்லாத அறையில் உட்கார்ந்து காதாலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு மேனி சிலிர்த்தது. அப்படியொரு சிலிர்ப்பு என் தொழிலில் அதற்குமுன் வந்ததில்லை.

"இனிமே மொதல்ல இத உருவிட்டுத்தான் ஷட்டவுன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

பத்து மணிக்கு என் போனின் இணையத்தில் ஆடியோ வந்து இறங்கியது. அந்த உதவியாவது மிச்சமிருந்ததே என்று இருந்தது. சார்ஜ் மிச்சப்பட அவள் திரையை முழுக்க அணைத்துவிட்டாள். நான் வீரமாக யூபிஎஸ்ஸை இணைத்தேன். கரண்ட் இல்லாத வீட்டில் யூபிஎஸ் சும்மா இருக்குமா? பீப், பீப் என்று கத்தியது.

"அண்ணே, அந்தச் சாமானத்த வெளிய கொண்டுபோங்க. டாக்டர் பேசுறது கேக்கல" என்றாள்.

தூக்கிக்கொண்டுபோய் ஏலியாம்மா வீட்டில் வைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சந்தோஷம்" என்றார்.

திரும்பி வந்து மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஆடியோ ஒரு காதில், லேப்டாப் திரையைப் படித்துச் சொல்லும் குரல் மறு காதில். தொடங்கும்முன் அந்தக் குரலை என்னையும் ஒருமுறை கேட்கச் சொன்னாள். அது பேச்சா? முறத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி சரசரவென்று ஒரு ஓசை. அவ்வளவு வேகத்தில் ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டே, இன்னொரு காதில் இருமிக்கொண்டும் ஏப்பம் விட்டுக்கொண்டும் பேசுகிற ஏதோ ஒரு டாக்டரையும் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டச்சு செய்தாள். வெளியே பனி ஜன்னலை அடைத்துவிட்டது. அறை கிட்டத்தட்டக் கறுத்துப்போயிற்று. கறுத்த திரைக்கு முன்னால் அவள் விரல்கள் மட்டும் நிற்காமல் ஓடின.

மூன்றரை மணி நேரம் நான் அசையவில்லை. சில இடங்களில் அவள் நின்று, ஒரே துணுக்கை ஐந்து முறை, ஆறு முறை திரும்பக் கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் பதினைந்து முறைக்கு மேல் கேட்டிருப்பாள். நேரம் போகிறதே என்று எனக்குப் பதறியது. இருபத்தைந்து சதவீதம், இருபது என்று அவளே அவ்வப்போது முணுமுணுத்தாள். ஒரு மணி நாற்பதுக்கு அனுப்பினாள். பேட்டரியில் ஒன்பது இருந்தது. சவுண்ட் துண்டை உருவி, ஷட்டவுன் கொடுத்துவிட்டு, கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கொய்ங், டிக், பிறகு ஃபேன். மூன்றும் எனக்கும் கேட்டன.

எட்டு நாள் கழித்து ஜிஜி கூப்பிட்டாள். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். எல்லாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"வேலை கெடச்சிருச்சுண்ணே. அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி சேரணும். பாம்பனார்ல ஒரு வீடு பாக்கச் சொல்லி அம்மைகிட்டச் சொல்லிட்டேன்."

வாயில் சந்தோசம் என்று வந்ததை, அந்தச் சொல்லின் மேலிருந்த பயத்தில் விழுங்கிவிட்டேன்.

"அந்தக் கம்பெனி மேடம் ஒண்ணு கேட்டாங்கண்ணே" என்றாள் அவள். "ஒரு எடத்துல டாக்டர் வலது கிட்னின்னு சொல்றாரு. தேர்வு எழுதுன மத்த நூத்தியெழுவது பேரும் வலதுன்னு மட்டும் அடிச்சிருக்காங்க. நானும் வலதுன்னு அடிச்சு, கீழ ஒரு குறிப்பு போட்டிருந்தேன்: 'பின்னால் ஒரு பெண் குரல் இடது, டாக்டர், இடது என்கிறது. சரிபார்க்கவும்.' அவங்க ஆபீஸ்லயே அது யாருக்கும் தெரியாதாம். சத்தத்தக் கூட்டி வச்சுக் கேட்டப்புறம்தான் கேட்டுச்சாம். அந்தப் பேஷன்டோட பழைய பேப்பர எடுத்துப் பாத்தா இடதுதானாம். இவ்வளவு மெல்லிசா இருந்தத எதுக்கு மெனக்கெட்டு எழுதுனீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?" என்றேன். மரியாதை மறந்து ஒருமையில் கேட்டதை நானே கவனிக்கவில்லை.

"அந்த நர்ஸ் சேச்சி மூணு தடவ சொன்னாங்கண்ணே. டாக்டர் காதுல வாங்கல. நானும் வாங்கலன்னா, அப்புறம் அவங்க யார்கிட்டப் போய்ச் சொல்லுவாங்க?"